எக்ஸ்ரே வளர்த்த கிளாத்தி

பெற்றவர்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதமே அது காணாமல் போய்விட்டது. மாடிவீட்டுக்காரியிலிருந்து பெற்ற அப்பா வரைக்கும் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே. "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்க அடுத்தவர் மூச்சுக்கு உத்தரவு போட்டுப் போட்டு, வீட்டிலும் அவள் பேச்சு அதே தினுசுக்கு வந்திருந்தது. உட்காருங்க. சாப்பிடுங்க. தட்டை எடுங்க. இதற்கு மேல் அவளிடம் ஒரு வார்த்தை வேண்டுமென்றால் மனு போட வேண்டும்.

அம்மா போனபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அடுத்த வாரமே அடுப்படிக்குள் நுழைந்தவள், பதிமூன்று வருஷம் அந்த வீட்டை ஒற்றைக் கையால் நடத்தினாள். எந்த டப்பாவில் எது, எந்தக் குழாயை எவ்வளவு திருகினால் சொட்டாது, அப்பா எந்தச் சட்டையை எந்தக் கிழமை போட வேண்டும், எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். பெண் பார்க்க நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவன் குள்ளம், ஒருவன் வாயாடி, ஒருவனுக்கு இவளைப் பிடிக்கவில்லை. அப்புறம் யாரும் வரவில்லை. அவளும் அதற்காக மூக்கைச் சிந்தவில்லை. அவளுக்குத்தான் ஒரு வீடு இருந்ததே.

அப்பா பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் என்ன சொன்னாலும் "ஆகட்டும்" என்பார். ஆபீஸில் அவருக்கு அதுதான் பெயர். ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுஷன் என்று ஊரே சொல்லும். ஹாலில் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, மடியில் பேப்பர், கூட்டிப் பெருக்கும்போது தூக்கிக்கொள்ள இரண்டு கால். இதுதான் அவர்.

அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிரே, சுவர் நீளத்துக்கு, ஆறடிக் கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் ஒரே ஒரு கிளாத்தி மீன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் தொட்டிக்கடையில் அதை வாங்கும்போது கட்டைவிரல் பருமன்தான் இருந்தது. "இது வளர்ந்தா யாரையும் கூட வாழ விடாதும்மா, யோசிச்சு வாங்கு" என்று கடைக்காரர் சொன்னார். எக்ஸ்ரே யோசிக்கவில்லை. பார்த்ததும் பிடித்துவிட்டது. கிளாத்தி என்றால் மற்ற மீன் மாதிரி வழவழப்பு கிடையாது. தோல் செருப்புத் தோல் கணக்காகத் தடித்திருக்கும். வாய் சின்னதுதான், உள்ளே இருக்கும் பல் நண்டு ஓட்டை நொறுக்கும். கண் இரண்டும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று கதவைப் பார்க்கும். முதுகில் ஒரு முள் உண்டு. மிரண்டால் பாறை இடுக்கில் புகுந்து அந்த முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தக் கொம்பனாலும் அதை வெளியே இழுக்க முடியாது.

அப்போது தொட்டியில் வேறு ஏழு மீன் இருந்தன. கிளாத்தி அவசரப்படவில்லை. ஒன்றின் வாலைக் கடித்தது, ஒன்றின் கண்ணை எடுத்தது, ஒன்றை மூலையில் நிறுத்தி நாலு நாள் நகரவிடாமலே கொன்றது. எக்ஸ்ரே செத்ததை வலையில் அள்ளிப் போட்டுவிட்டு, கொன்றதற்கு ஓடு உரிக்காத இறால் போட்டாள். ஒரு வருஷத்துக்குள் ஆறடியும் அதற்கே சொந்தம். கற்களை வாயால் தள்ளித் தள்ளித் தன் இஷ்டத்துக்கு அடுக்கிக்கொண்டது. ஒயரைக் கடித்தது. சாப்பாடு தாமதமானால் மேலே வந்து அவள் முகத்தில் தண்ணீரைத் துப்பியது.

"கல்யாணம் ஆகாட்டி என்ன, உனக்கு ஒரு மாமியார் கிடைச்சாச்சு" என்றார் அப்பா. அன்றிலிருந்து அதற்குப் பெயர் மாமியார். "மாமியார் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவரே தட்டின் முன் உட்காருவார்.

ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரேவுக்குப் புதன்கிழமை விடுமுறை. அன்றைக்குத் தொட்டி கழுவும் நாள். முந்தின நாளே பீப்பாயில் உப்பைக் கரைத்து, மோட்டார் போட்டுச் சுழலவிட்டு, அளவு பார்த்து வைத்திருப்பாள். காலையில் மாமியாருக்கு வயிறு முட்டப் போடுவாள். பிறகு மோட்டாரை நிறுத்துவாள். பிறகு தொட்டிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை எடுப்பாள். தொட்டியின் அகலத்துக்குச் சரியாக அறுத்து, தண்ணீர் போக ஓட்டை போட்டுத் தொட்டிக்கடைக்காரர் கொடுத்தது. அதை மேலிருந்து அடி வரைக்கும் இறக்கி மாமியாரை ஒரு பக்கம் அடைத்துவிட்டு, அடுத்த பக்கம் கையை விட்டுப் பாசியைத் தேய்ப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து மாமியார் பலகையை முட்டும். டொக். டொக். ஆத்திரம் தீராமல் ஒரு மணி நேரமும் முட்டும். அப்பா பேப்பரைத் தாழ்த்தி வேடிக்கை பார்த்துவிட்டு மறுபடி உயர்த்துவார். எட்டு வருஷம், ஒரு புதன்கிழமை தவறியதில்லை.

அப்பாவின் பேன்ட்டுகள் திடீரென்று குட்டையாக ஆரம்பித்தபோதே எக்ஸ்ரே சுதாரித்திருக்க வேண்டும். மனுஷன் தெருமுனை டைலரம்மாவிடம் நீளம் குறைக்கக் கொடுத்தார். வாங்கி வந்தார். இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று மறுபடி கொடுத்தார். கணுக்கால் தெரிகிற வரைக்கும் இந்தப் போக்குவரத்து நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, எக்ஸ்ரே பீப்பாயில் உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"ஒரு விஷயம் சொல்லணும். நாளைக்கே நீ ஒருத்தன் வீட்டுக்குப் போயிட்டா எனக்கு யாரு?"

"நான் எங்கேயும் போகலையே."

"அதான் சொல்றேன்" என்றார் அப்பா. என்ன சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அடுத்த மாதம் அவரும் டைலரம்மாவும் பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

டைலரம்மாவுக்கு ஐம்பது வயது. புருஷன் போய் வருஷக்கணக்காகிறது, பிள்ளை இல்லை. சர்க்கரை வியாதி உண்டு, வேளைக்கு ஒரு மாத்திரை. இரண்டு பெட்டியோடும் ஒரு தையல் மிஷினோடும் வந்து இறங்கினாள். சிரித்த முகம். அதுதான் எக்ஸ்ரேவுக்கு முதலில் ஆகவில்லை. சண்டைக்காரியாக இருந்தால் சண்டை போட்டாவது துரத்தலாம். இவள் "கண்ணு, நீ வேலைக்குப் போற பொண்ணு, காலைல நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் போய்விட்டாள். முதல் நாள் சமையலை வாயில் வைத்ததும் அப்பா "நல்லாருக்கு" என்றார். பதிமூன்று வருஷத்தில் எக்ஸ்ரே அந்த வார்த்தையை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த நிமிஷமே முடிவு கட்டினாள்: இந்தப் பொம்பளை வந்த வழியே போக வேண்டும், வீடு பழையபடி தன் கைக்கு வர வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

முதலில் மிஷின். கடையில் முடியாத வேலையை டைலரம்மா வீட்டில் உட்கார்ந்து தைப்பாள். ஹாலில்தான் இடம் இருந்தது. மிஷின் ஓடினால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் தொட்டி அதிரும். மாமியார் பாறை இடுக்கில் புகுந்து முள்ளைப் பூட்டிக்கொண்டது. நாலு நாள் இறாலைத் தொடவில்லை. எக்ஸ்ரேவும் நாலு நாள் வீட்டில் சாப்பிடவில்லை.

"மிஷினைப் பால்கனியில போடச் சொல்லுங்க" என்றாள் அப்பாவிடம், டைலரம்மா அங்கேயே நிற்கும்போது.

"ஆகட்டும்" என்றார் அப்பா.

பால்கனியில் வெயிலும் அடிக்கும் சாரலும் அடிக்கும். டைலரம்மா ஒரு பழைய போர்வையைக் கட்டி மறைப்பு செய்துகொண்டாள். மழை பெய்த ஒரு மாலை, நனைந்த முதுகோடு யாரோ ஒருவரின் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவளை எக்ஸ்ரே கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். பாவமாக இல்லை. போதாது என்றுதான் தோன்றியது.

டைலரம்மாவோ விடுவதாக இல்லை. பெண்ணின் மனசைப் பிடிக்க வேண்டுமானால் மீனின் மனசைப் பிடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்தது மாதிரி, ஒரு சனிக்கிழமை தொட்டிக்கடைக்குப் போய் ஒரு பை வாங்கி வந்தாள். உள்ளே இரண்டு சின்ன மஞ்சள் மீன்கள். கடையில் அன்றைக்குப் பழைய கடைக்காரர் இல்லை. இருந்தவனிடம் இவள் எந்தத் தொட்டிக்கு என்று சொல்லவில்லை, அவன் கேட்கவும் இல்லை.

"எட்டு வருஷமா தனியாவே கிடக்குதே, பாவம். துணைக்கு ரெண்டு இருக்கட்டும்னு வாங்கினேன். விடலாமா கண்ணு?"

எக்ஸ்ரே சோபாவில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "உங்க இஷ்டம்" என்றாள்.

மஞ்சள் மீன்கள் தண்ணீரில் இறங்கி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மாமியார் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. அப்புறம் நடந்ததை டைலரம்மா முழுக்கப் பார்த்தாள், ஏனென்றால் முதலாவது கடி விழுந்ததும் அவளுக்குக் கால் நகரவில்லை. ஒன்று உடனே போயிற்று. இன்னொன்று வாலில்லாமல் வெகுநேரம் வட்டமடித்தது. "எடு கண்ணு, அதையாவது எடு, வலை எங்கே?" என்று கத்தினாள். எக்ஸ்ரே கடைசி நகத்தையும் வெட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

"பசிக்குதுன்னா இறால் போட்டிருக்கலாமே" என்று டைலரம்மா அழுதாள்.

"அதுக்குப் பசிக்கல" என்றாள் எக்ஸ்ரே. "அதுக்குப் பிடிக்கல."

இதற்கு மேலும் புரியாதவள் யார் இருப்பாள்? டைலரம்மா இருந்தாள். நல்லவர்களிடம் இதுதான் தொந்தரவு, அவர்களுக்குச் செருப்பால் அடித்தாலும் கால் தவறிப் பட்டுவிட்டது என்றுதான் தோன்றும். இன்னும் அதிகமாகக் குழைந்தாள். எக்ஸ்ரேவின் யூனிபார்முக்குப் பையில் பேனா வைக்கத் தனி அறை தைத்துக் கொடுத்தாள். எக்ஸ்ரே அதைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டு போனாள்.

சென்டரில் கூட வேலை பார்ப்பவள் பிரசவத்துக்குப் போனாள். எக்ஸ்ரேவுக்குத் தொடர்ந்து இரண்டு புதன்கிழமை விடுப்பு இல்லை. தொட்டிக் கண்ணாடி பச்சையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, தையல் கடைக்கு விடுமுறை என்பதால் டைலரம்மா வீட்டில் இருந்தாள். எக்ஸ்ரே துவைத்த துணியை வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பிரம்பு நாற்காலியில்.

"நீ ஒருத்தியே எத்தனை செய்வே? நான் தொட்டியைத் தொடச்சிடுறேன். எப்படின்னு மட்டும் சொல்லு" என்றாள் டைலரம்மா.

புதன்கிழமைகளில் அவள் கடையில் இருப்பாள். தொட்டி கழுவுவதை அவள் ஒரு தடவையும் பார்த்ததில்லை. இது எக்ஸ்ரேவுக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. வாளியைக் கீழே வைத்தாள்.

சொல்லிக் கொடுத்தாள். அவ்வளவு பொறுமையாக அவள் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. வளையலைக் கழற்ற வேண்டும். கையில் சோப்பு வாசனை இருக்கக் கூடாது. மோட்டாரை இந்த சுவிட்சில் நிறுத்த வேண்டும். இதுதான் தேய்க்கும் பஞ்சு, மேலிருந்து கீழே தேய்க்க வேண்டும், மணலைக் கிளறக் கூடாது. எல்லாம் சொன்னாள். சாப்பாடு போட்ட பிறகுதான் கை விட வேண்டும் என்று சொல்லவில்லை. பலகையைச் சொல்லவில்லை.

டைலரம்மா தொட்டியைப் பார்த்தாள். மாமியாரும் அவளைப் பார்த்தது.

"கடிக்குமா?"

"நான் எட்டு வருஷமா கை விடுறேன்" என்றாள் எக்ஸ்ரே. வலது கையை விரித்துக் காட்டினாள். அஞ்சு விரலும் இருந்தன. "பயப்படாதீங்க, சித்தி."

அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. டைலரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். எக்ஸ்ரே அவர் முகத்தைப் பார்க்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

மூன்றாவது துணியை உதறும்போது அலறல் கேட்டது. எக்ஸ்ரே அந்தத் துணியைக் கொடியில் போட்டாள். சுருக்கம் நீவினாள். கிளிப் போட்டாள். இன்னொன்றையும் எடுத்துக் காயப்போட்டாள். பிறகுதான் இறங்கினாள்.

வலது ஆள்காட்டி விரல். நுனிச் சதை ஒரு கவ்வு அப்படியே இல்லை, நகம் பாதி தொங்கியது. தொட்டிக்குள் ரத்தம் புகை மாதிரி பரவிக்கொண்டிருந்தது, மாமியார் அதற்குள்ளேயே சுற்றி வந்தது. டைலரம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா எழுந்து நின்றிருந்தார், கையில் பேப்பரோடு.

"நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன் போல கண்ணு" என்றாள் டைலரம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

எக்ஸ்ரே கழுவினாள், மருந்துப் பொடி தூவினாள், கட்டுப் போட்டாள். "சின்னக் கடிதான். டாக்டர்கிட்டப் போனா சும்மா ஊசியா குத்துவாங்க" என்றாள். "ஆமாமா, வீட்டுலயே ஆஸ்பத்திரிக்காரி இருக்கா, நமக்கென்ன" என்றார் அப்பா. சர்க்கரைக்காரிக்குக் கடல்மீன் கடித்தால் என்ன ஆகும் என்று பதினைந்து வருஷம் ஸ்கேன் சென்டரில் இருந்தவளுக்குத் தெரியாதா? தெரியும். தினமும் சாயங்காலம் கட்டைப் பிரித்துப் பார்த்து, மறுபடி பொடி தூவி, மறுபடி கட்டினாள். நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்தாள். ஏழாம் நாள் விரல் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியது. "வீக்கம் வந்தாத்தான் வடியும்" என்றாள். டைலரம்மா நம்பினாள். சித்தி என்று கூப்பிட்ட வாய் பொய் சொல்லுமா?

பதினோராம் நாள் மாடிவீட்டுக்காரி பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில்தான் வெளியே கிளம்பினார்கள். படம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எங்கே எடுப்பது? எக்ஸ்ரேவின் சென்டரில்தான்.

கையை அவளே பிடித்துத் தட்டின் மேல் வைத்தாள். கொதித்தது. விரலை நேராக்கியபோது டைலரம்மா "அம்மா" என்றாள். எக்ஸ்ரே தடுப்புக்குப் பின்னால் போய் பொத்தானை அமுக்கினாள். திரையில் படம் வந்தது. நாலு விரலின் எலும்பும் சுத்தமாக, ஓரம் வரைந்தது மாதிரி இருந்தன. அஞ்சாவதின் நுனி அரித்துப் போயிருந்தது. அதற்கடுத்த எலும்பிலும் அரிப்பு ஏறியிருந்தது. எக்ஸ்ரேவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது, சந்தோஷம்தான் வந்தது. இனி இவளால் கத்தரி பிடிக்க முடியாது, துணிக்குக் கோடு போட முடியாது, அடுப்படியும் முடியாது என்று மனசு கடகடவென்று கூட்டிக்கொண்டே போனது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

விரலை நடுக்கணுவுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த டாக்டர் கோபக்காரர். "கடிச்ச அன்னிக்கே ஏன் வரல? வீட்ல யாருக்கும் அறிவில்லையா?" என்று சத்தம் போட்டார்.

"எங்க பொண்ணு நல்லாத்தான் பார்த்துக்கிட்டா டாக்டர்" என்றாள் டைலரம்மா. "என் உடம்பு வாகு அப்படி."

எக்ஸ்ரே பக்கத்தில்தான் நின்றாள். அந்த நேரத்தில் யாராவது அவளை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் அறையவில்லை.

வீட்டுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன். கடி விழுந்த நாளிலிருந்து யாரும் கழுவாமல் தொட்டி பார்க்கச் சகிக்காமல் கிடந்தது, அன்றைக்குத்தான் மறுபடி விடுமுறையும் கிடைத்திருந்தது. பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது மனுஷனை மென்று துப்பிவிடும். எக்ஸ்ரே மாமியாருக்கு இறால் போட்டாள், மோட்டாரை நிறுத்தினாள், பின்னால் கையை விட்டுப் பலகையை எடுத்து இறக்கினாள், முழங்கை வரைக்கும் கையை விட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். டொக், என்றது அந்தப் பக்கம்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சோபாவில் டைலரம்மா உட்கார்ந்திருந்தாள், கட்டுப் போட்ட கை மடியில்.

"அது என்ன பலகை கண்ணு?"

எக்ஸ்ரே கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. டொக். டொக்.

"எப்பவும் வைப்பியா?"

பதில் பிரம்பு நாற்காலியிலிருந்து வந்தது. "எட்டு வருஷமா அதை வெச்சுத்தானே தொடைக்கிறா" என்றார் அப்பா, பேப்பரைப் புரட்டிக்கொண்டே. "இல்லேன்னா கையைப் பிச்சிடுமே."

மாமியார் முட்டுவது மட்டும் கேட்டது. டைலரம்மா எக்ஸ்ரேவைப் பார்க்கவில்லை. தலையை மெல்லத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க இங்கேதான் உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"அவ எனக்குச் சொல்லிக் குடுத்தது உங்க காதுல விழுந்தது."

"விழுந்தது."

"நான் கையை விடும்போது பார்த்தீங்க."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் திருட்டு முழி எதுவும் இல்லை, கொஞ்சம் சலிப்புதான் இருந்தது. "அவதான் எல்லாம் விவரமாச் சொல்லிக்கிட்டிருந்தாளே. பலகையை விட்டுட்டாளேன்னு நினைச்சேன். ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். நடுவுல நான் பூந்து, அவ கோவிச்சுக்கிட்டு, எதுக்கு வீட்டுல சண்டை?"

டைலரம்மா அழவில்லை. எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. எக்ஸ்ரே கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போய் வாசல்படியில் நின்றாள். கட்டில்மேல் துணியெல்லாம் ஒரு புடவையில் குவித்திருந்தது. டைலரம்மா நாலு முனையையும் பிடித்து முடிச்சுப் போடப் பார்த்தாள். ஒரு கையால் வரவில்லை.

"வந்து இதைக் கட்டு" என்றாள். கண்ணு என்று சொல்லவில்லை.

எக்ஸ்ரே கட்டினாள். முடிச்சை இறுக்கும்போது இரண்டு பேர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"சித்தி, நான்..."

"அந்த வார்த்தையை எடுக்காதே. உன்மேல எனக்கு இருக்கிற கோபத்துக்கு உன்னை வெட்டிப் போடலாம். நீ செத்தாலும் நான் எட்டிப் பார்க்க மாட்டேன்." டைலரம்மா மூச்சு வாங்கினாள். "ஆனா உனக்கு என்னை ஆகல. ஆகாதவ செய்யறதைச் செஞ்சே. அந்த ஆளுக்கு என்ன? என்னைக் கட்டிக்கிட்டு வந்த ஆளு. நாலடி தூரத்துல உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தாரே. உன்னையாவது திட்டலாம். அவரை என்னன்னு சொல்லித் திட்டுறது?"

மிஷினை எடுத்துப் போக அவளுடைய கடைக்கு அடுத்த கடைக்காரர் ஒரு வண்டி கொண்டு வந்தார். அப்பா வாசல் வரைக்கும் வந்து, "வெயில் தாழப் போயேன்" என்றார். டைலரம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி தெருமுனை திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டு அவர் உள்ளே வந்து செருப்பை ஓரமாக விட்டார்.

அவ்வளவுதான். வீடு எக்ஸ்ரேவின் கைக்கு வந்துவிட்டது. பால்கனியில் கட்டியிருந்த போர்வையை அவிழ்த்து மடித்தாள். அடுப்படியில் டைலரம்மா மாற்றி வைத்திருந்த டப்பாக்களைத் தன் வரிசைக்குத் திருப்பி வைத்தாள். சமைத்தாள். மணி இரண்டு ஆகியிருந்தது. அப்பா வந்து தட்டின் முன் உட்கார்ந்தார்.

"ஏதோ வந்தா, போயிட்டா. நீ இருக்கே இல்ல, எனக்கென்ன குறை?" என்றார்.

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவள் இத்தனையும் செய்தது. வாய்விட்டுச் சொல்ல மாட்டாரா என்று மாசக்கணக்கில் ஏங்கியது. இப்போது காதில் விழுந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு அவங்க இடத்துல நான் இருந்து, பலகையை மறந்துட்டுக் கையை விட்டிருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

பொய் சொல்கிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாததா?" என்றார் கடைசியில். "காரணம் இல்லாம நீ மறக்க மாட்டேன்னு நினைச்சிருப்பேன்."

எக்ஸ்ரேவுக்குப் பயமாக இருந்தது. டைலரம்மாவுக்காக இல்லை, தனக்காக. முப்பத்தாறு வயசு வரைக்கும் அவள் எந்த மனுஷனைத் தனக்கென்று வைத்துக்கொள்ளப் பாடுபட்டாளோ, அவர் எதிரில் உட்கார்ந்து நிதானமாக மென்றுகொண்டிருந்தார். டைலரம்மாவுக்குப் போக ஒரு கடை இருந்தது. இவளுக்கு இந்த வீடுதான், இந்த ஆள்தான், இன்னும் எத்தனை வருஷமோ.

"நல்லாருக்கு" என்றார் அப்பா. "இன்னும் கொஞ்சம் போடு."

அவள் போட்டாள்.